சொர்க்கப் பறவையைப் படமெடுத்தவர்கள்

நேயர்களே, நியூகினி மழைக்காட்டில் வாழும் சொர்க்கப் பறவைகளைப் படமெடுப்பது லேசான வேலை இல்லை. மரங்கள் அடர்ந்து நிற்பதால் வெளிச்சம் குறைவு. சில இனங்களின் ஆண் பறவைகள் பெண்ணைக் கவர ஆடுவதோ மர உச்சியில்!

படக்கலைஞர் டிம் லேமனும் பறவையியலாளர் எட்வின் ஸ்கோல்ஸும் 2004-இல் தொடங்கி, எட்டு ஆண்டுகளில் அப்போது அறியப்பட்டிருந்த 39 இனங்களையும் படம்பிடித்து முடித்தார்கள். லேமன் கயிறு கட்டி மரமேறுவார். நியூகினிக்கு அருகிலுள்ள ஆரு தீவுகளில் கேமராவை இலைகளால் மூடி உச்சிக் கிளையில் வைத்து, தள்ளி மறைவிலிருந்து இயக்கினார்.

சொர்க்கப் பறவைகளில் பரோட்டியா என்றொரு வகை. ஆண் பறவை தரையில் கிடக்கும் சருகுகளை அலகால் பொறுக்கி அகற்றி, மேடையைத் துப்புரவாக்கும். பிறகு விலா இறகுகளைப் பாவாடை போல விரித்து ஆடும். பெண் பறவைகள் மேலே கிளையில் வரிசையாக அமர்ந்து பார்க்கும். நம் கண்ணுக்குப் பக்கவாட்டில் தெரிவதல்ல அவை காண்பது. கேமராவையும் மேலே பொருத்திய பிறகே அது புரிந்தது: கரிய நீள்வட்டம் ஒன்று அசைகிறது, அதில் மார்பு இறகுகள் பளிச்சிட்டு மறைகின்றன. எவ்வளவு அருமையான கண்டுபிடிப்பு!

காட்டுக்குக் கேமராவோடு போகும் நேயர்களே, பறவையைத் துரத்தாதீர்கள், கூட்டை நெருங்காதீர்கள். மறைவாக அமர்ந்து பொறுமையாகக் காத்திருங்கள்.