பிரிஞ்சாச்சு, ஆனா ஹோம் லோன் பிரியலையே?

டிவோர்ஸ் ஆகி நாலாவது மாசம், ஆபீஸ் மீட்டிங் நடுவுல பேங்க்ல இருந்து எனக்கு ஒரு போன். "மேடம், ரெண்டு இ.எம்.ஐ. வரலை." நான் அந்த வீட்டை விட்டு வந்து ரெண்டு வருஷமாச்சு. இனிமே லோனை அவர்தான் கட்டணும்னு குடும்பநல நீதிமன்றத் தீர்ப்புலயே இருக்கு. அதைச் சொன்னேன். "அது உங்க ரெண்டு பேருக்குள்ள மேடம்"னு பதில் வந்தது.

கோபம் வந்தது. ஆனா அவங்க சொன்னது சரி. ஜாயின்ட் லோன்னா ஆளுக்குப் பாதின்னு நாம நினைக்கிறோம். பேங்க் கணக்குல அது ஆளுக்கு முழுசு. ஒருத்தர் கட்டலைன்னா மொத்தத்தையும் இன்னொருத்தர்கிட்ட கேட்கலாம். நம்ம டிவோர்ஸ் வழக்குல பேங்க் ஒரு தரப்பு இல்லை, அதனால தீர்ப்பு அவங்க ஒப்பந்தத்தை மாத்தாது. அவருக்கு வேலை போயிருந்தது, என்கிட்ட சொல்லத் தயங்கியிருக்கார். அடிவாங்கினது ரெண்டு பேரோட சிபில் ஸ்கோரும்.

இதுல ரெண்டு தனித்தனி ரெக்கார்ட் இருக்கு. வீடு யார் பேர்ல இருக்குங்கிறது சார்பதிவாளர் ஆபீஸ்ல. கடன் யார் பேர்ல இருக்குங்கிறது பேங்க்ல. ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு தானா மாறாது. வீட்டுப் பங்கை எழுதிக் கொடுத்துட்டு, கடன்ல மட்டும் பேர் மாட்டிக்கிட்டு இருக்கறதுதான் இருக்கறதுலயே மோசமான நிலைமை.

வழி ரெண்டுதான். முதல் வழி, ஒருத்தர் வீட்டை வச்சுக்கறது. ஒரே சம்பளத்துல அந்தக் கடன் தாங்குமான்னு பேங்க் புதுசா பார்க்கும். ஒத்துக்கலைன்னா வேற பேங்க்குக்கு மாத்தலாம். ஃப்ளோட்டிங் வட்டி ஹோம் லோனுக்கு, முன்கூட்டியே அடைச்சா அபராதம் கிடையாது. வரிசை முக்கியம்: முதல்ல பேங்க்கோட எழுத்துப்பூர்வ சம்மதம், அப்புறம் விடுதலைப் பத்திரம் பதிவு, கூடவே லோன்ல இருந்து பேர் நீக்கம். குடும்ப உறுப்பினர்களுக்குள்ள எழுதுற பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை சலுகை உண்டு. தீர்ப்பு வந்துட்டா நீங்க சட்டப்படி கணவன் மனைவி இல்லை. அதனால தேதி குறிக்கறதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

ரெண்டாவது வழி, வித்துட்டு பிரிச்சுக்கறது. ஒரு கணக்கு பார்க்கலாம். 60 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 52,000. நாலு வருஷத்துல கிட்டத்தட்ட 25 லட்சம் கட்டியிருப்பீங்க. அசல் குறைஞ்சிருக்கறது அஞ்சரை லட்சம்தான், மீதி 54.5 லட்சம் நிக்கும். வீடு 80 லட்சத்துக்குப் போனா, செலவெல்லாம் போக கையில நிக்கறது 25 லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. நீங்க பிரிச்சுக்க வேண்டியது அதைத்தான், 80 லட்சத்தை இல்லை.

நாங்க வித்தோம். ஆறு மாசம் இழுத்தது. அதுவரைக்கும் பாதி இ.எம்.ஐ.யை நானும் கட்டினேன். கடன் முழுசா அடைஞ்சா 30 நாளுக்குள்ள ஒரிஜினல் பத்திரத்தைத் திருப்பித் தரணும்ங்கிறது ரிசர்வ் வங்கி விதி. அவங்க பக்கம் தப்புன்னா, தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் உங்களுக்குத் தரணும். நீங்களும் வில்லங்கச் சான்று போட்டு, அடமானம் நீங்கிடுச்சான்னு பார்த்துடுங்க. சிபில் ரிப்போர்ட்ல லோன் 'குளோஸ்டு'ன்னு வந்திருக்கணும்.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு வருத்தம். பரஸ்பர சம்மத விவாகரத்துல முதல் மனுவுக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவுல ஆறு மாச இடைவெளி இருக்கு. அதைத் தளர்த்தலாம்னு 2017-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. நாங்க பிரிஞ்சு ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆனதால, அதைக் கேட்டு வாங்கினோம். சீக்கிரம் முடிஞ்சா போதும்னு இருந்தது. அந்த ஆறு மாசத்தை லோனுக்குச் செலவழிச்சிருக்கலாம்.

மனுல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, பேங்க்ல லோன் ஸ்டேட்மென்ட் ஒண்ணு வாங்கி ரெண்டு பேரும் சேர்ந்து படிங்க. கஷ்டமா இருக்கும். ஆனா அந்த போன் காலை விட அது சுலபம்.