வயதான காரும் வாசலில் புதுக் காரும்

எந்த மாடல் வாங்குவது என்று மாதக்கணக்கில் யோசிக்கும் குடும்பங்கள், பழைய காரைத் தள்ளிவிடுவதையும் புதுக் காரின் படிவத்தில் கையெழுத்திடுவதையும் ஒரே மாலையில் முடித்துவிடுகின்றன. பணம் கைநழுவுவது பெரும்பாலும் அந்த மாலையில்தான்.

1983 டிசம்பர் 14ஆம் தேதி, தில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங், பிரதமர் இந்திரா காந்தியின் கையிலிருந்து மாருதி 800 காரின் முதல் சாவியைப் பெற்றுக்கொண்டார். விலை ரூ. 47,500. குலுக்கலில் அடித்த அதிர்ஷ்டம் அது. டிஐஏ 6479 என்ற எண் கொண்ட அந்தக் காரை, 2010இல் இறக்கும்வரை அவர் விற்கவே இல்லை.

அந்தக் கால இந்தியாவில் இது பெரிய அதிசயமல்ல. அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள், கிடைத்த காரைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சொத்தாகவே கருதினார்கள். எஞ்சினைப் பிரித்து மாட்டி, துருப்பிடித்த இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்து, மறுபடி பெயின்ட் அடித்து ஓட்டினார்கள். கார் எப்போது ஓய்வு பெற வேண்டும் என்பதை மெக்கானிக் சொன்னார்.

இப்போது அதைச் சொல்வது காலண்டர். எஞ்சின் நன்றாக ஓடினாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தேதி காரின் தலையெழுத்தை நிர்ணயிக்கிறது. எனவே புதுக் கார் வாங்கும் வேலை ஷோரூமில் தொடங்குவதில்லை. பழைய காரின் ஆர்.சி.யை எடுத்துப் பார்ப்பதில் தொடங்குகிறது.

செத்துப் பிழைத்த கார்கள்

இந்த மாற்றத்தின் முழு வேகத்தையும் அனுபவித்தவர்கள் தில்லிவாசிகள். பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களும் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களும் தலைநகர வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இட்ட உத்தரவுகளை, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. காகிதத்தில் இருந்த தடை 2025 ஜூலை 1ஆம் தேதி பெட்ரோல் பங்க்குக்கே வந்தது. கேமராக்கள் நம்பர் பிளேட்டைப் படித்து வயதான காரை அடையாளம் காட்ட, அதற்கு எரிபொருள் மறுக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு வாரத்துக்குள் அந்தத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஆகஸ்ட் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. டிசம்பர் 17ஆம் தேதி அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய வாகனங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது.

ஆக, ஆறு மாதத்துக்குள் ஒரே கார் செத்துப் பிழைத்தது. ஜூன் மாதத்தில் பதறிப்போய் வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்களுக்குக் கைநஷ்டம்.

மற்ற ஊர்களில் இவ்வளவு கெடுபிடி இல்லை. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். ஆனால் அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ. 600இலிருந்து ரூ. 5,000 ஆக உயர்ந்தது. இருபது வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது ரூ. 10,000 ஆக்கப்பட்டது. பல மாநிலங்களில் பசுமை வரி தனி. தடை போடவில்லையே தவிர, வயதான காரை வைத்திருப்பது செலவாகும் என்று அரசு ஜாடையாகச் சொல்கிறது.

பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோலே இப்போது பங்க்குகளில் கிடைக்கிறது. அதற்கென்று வடிவமைக்கப்படாத கார்களில் மைலேஜ் சற்றுக் குறையும் என்பதையும், சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்பதையும் பெட்ரோலிய அமைச்சகமே 2025இல் ஒப்புக்கொண்டது.

இவற்றைவிட முக்கியமான காரணம் உயிர். சறுக்காமல் பிரேக் பிடிக்க உதவும் ஏ.பி.எஸ். எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயமானது அதே ஆண்டு ஜூலையில். அதற்கு முன் வந்த விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இவை இரண்டுமே கிடையாது. பிள்ளைகளைப் பின்சீட்டில் வைத்து நெடுஞ்சாலையில் போகும் குடும்பத்துக்கு, மாற்றத்தை நியாயப்படுத்த இந்த ஒரு காரணமே போதும்.

பெயர் மாறும்வரை பொறுப்பு உங்களுடையது

பழைய காரை விற்பதில் விலையைவிடக் கவனிக்க வேண்டியது பெயர் மாற்றம். பணம் வாங்கி, சாவி கொடுத்துவிட்டால் உறவு முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. கார் எத்தனை கை மாறியிருந்தாலும், போக்குவரத்து அலுவலகப் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 10ஆம் தேதி தில்லி செங்கோட்டை அருகே வெடித்த கார் பல கை மாறியது. ஆனாலும் போலீசார் விசாரணைக்கு முதலில் தேடிப்போனது, பதிவேட்டில் பெயர் இருந்த பழைய உரிமையாளரைத்தான்.

எனவே எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் ஷோரூமிலேயே காரை விட்டுவிட்டு வருபவர்கள், ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை விடாமல் கேட்க வேண்டும்.

விற்க முடியாத நிலையில் உள்ள காரை, பதிவு பெற்ற அழிப்பு மையத்தில் ஒப்படைக்கலாம். 2021இல் வந்த கொள்கைப்படி அங்கே தரப்படும் ஒப்படைப்புச் சான்றிதழைக் காட்டினால், புதுக் காருக்கான பதிவுக் கட்டணம் தள்ளுபடி. சாலை வரியில் 25 சதவிகிதம் வரை சலுகை தரவும் மாநிலங்களுக்கு வழி உண்டு. தெருமுனை பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் இந்தச் சான்றிதழ் கிடைக்காது. பதிவையும் ரத்து செய்யாமல் விட்டால், நொறுங்கிப்போன கார் காகிதத்தில் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டே இருக்கும்.

பழைய காரிலிருந்து புதுக் காருக்கு எடுத்துச் செல்லக்கூடிய சொத்து ஒன்று உண்டு. கிளெய்ம் எதுவும் செய்யாமல் ஓட்டியதற்கு இன்சூரன்ஸ் நிறுவனம் தரும் நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. ஐந்தாண்டு கிளெய்ம் இல்லையென்றால், சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவிகிதம் வரை கழிவு. காரை விற்றபின் அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கினால் போதும். கேட்காதவர்களுக்கு யாரும் தருவதில்லை.

நான்கு மீட்டர் மாயம்

இனி ஷோரூம். இந்தியச் சாலைகளில் பின்பக்கம் வெட்டினாற்போல் நிற்கும் கார்கள் ஏன் இவ்வளவு? 2006 பட்ஜெட்டில், நீளம் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. அன்றிலிருந்து நிறுவனங்கள் டேப்பை வைத்துக்கொண்டு கார் வடிவமைக்கின்றன. மாருதி டிசையர் 2012இல் டிக்கியைக் குறைத்துக்கொண்டு மறு அவதாரம் எடுத்தது இதற்காகத்தான். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி மாற்றப்பட்ட ஜி.எஸ்.டி.யிலும் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. நான்கு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் காருக்கும், 1,500 சி.சி.க்குள் உள்ள டீசல் காருக்கும் 18 சதவிகிதம். அதைத் தாண்டினால் 40. பேட்டரி காருக்கு 5. ஒரு விரற்கடை நீளத்துக்காகப் பெரும் வரி வித்தியாசம். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் விருந்தினர்களை மனதில் வைத்துப் பெரிய கார் தேடுபவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

பெட்ரோலா, பேட்டரியா என்பது கொள்கைப் பிரச்சினை அல்ல, வெறும் கூட்டல் கழித்தல். பெட்ரோல் லிட்டர் ரூ. 100, மைலேஜ் 15 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு ரூ. 6.67. ஒரு யூனிட் மின்சாரம் ரூ. 8, அதில் 7 கி.மீ. ஓடுகிறது என்றால் ரூ. 1.14. கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் ரூ. 5.50. பேட்டரி காரின் விலை மூன்று லட்சம் ரூபாய் அதிகம் என்றால், அதை ஈடுகட்ட 54,500 கி.மீ. ஓட்ட வேண்டும். மாதம் 1,500 கி.மீ. ஓடுபவருக்கு மூன்றே ஆண்டு. 500 கி.மீ. ஓடுபவருக்கு ஒன்பது ஆண்டு. உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பழைய காரின் சர்வீஸ் பில்களில் கிலோமீட்டர் எண்ணிக்கை எழுதியிருக்கும். நாம் எவ்வளவு ஓட்டுவதாக நினைக்கிறோம் என்பதற்கும் உண்மையில் எவ்வளவு ஓட்டுகிறோம் என்பதற்கும் உள்ள இடைவெளி பலரை வியக்கவைக்கும். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் இன்னொன்றையும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். கார் நிறுத்தும் இடத்துக்குத் தனி மின் இணைப்பு இழுக்கச் சங்கம் சம்மதிக்குமா?

சி.என்.ஜி. காரில் ஓட்டும் செலவு குறைவு. பதிலுக்கு சிலிண்டர் டிக்கியைப் பங்கு கேட்கும். எதை வாங்கினாலும் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் மோதல் சோதனையில் அந்த மாடல் எத்தனை நட்சத்திரம் பெற்றது என்று பார்ப்பது அவசியம். சோதனை கட்டாயமில்லை. எனவே நட்சத்திரமே இல்லாத மாடலும் கடையில் இருக்கும்.

மாற்றல் உத்தரவுக்கு எந்நேரமும் தயாராக இருக்கும் குடும்பங்களுக்கு 2021இல் ஒரு வசதி வந்தது. மத்திய, மாநில அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் பி.எச். வரிசையில் காரைப் பதிவு செய்யலாம். வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம். சென்னையிலிருந்து புனேவுக்குப் போனாலும் நம்பர் மாற்ற வேண்டாம்.

பொடி எழுத்தில் இருப்பது

முன்பணம் கட்டும் மேஜையில்தான் உண்மையான பேரம். 2022 ஜூலை 30ஆம் தேதி மகிந்திரா ஸ்கார்ப்பியோ-என் காருக்குப் புக்கிங் தொடங்கியபோது அரை மணி நேரத்துக்குள் ஒரு லட்சம் பேர் பதிவு செய்தார்கள். அறிமுக விலை முதல் 25,000 பேருக்கு மட்டும். மற்றவர்களுக்கு? டெலிவரி நாளில் என்ன விலையோ அதுதான். ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் படிவத்திலும் இந்த வரி பொடி எழுத்தில் இருக்கிறது. பதிவு செய்த நாளின் விலைக்கு உத்தரவாதம் இல்லை. 2025இல் வரி குறைந்தபோது இதே வரி வாங்குபவருக்குச் சாதகமாக வேலை செய்தது. ஜனவரி விலையேற்றங்களில் அப்படி நடக்காது.

ஷோரூம் விலைக்கும் சாலைக்கு வரும் விலைக்கும் இடையே உள்ள ஒவ்வொரு தொகையையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசு நிர்ணயிப்பவை, பேரமில்லை. பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்குப் பிடிக்கப்படும் ஒரு சதவிகித வரியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸை மூன்று ஆண்டுக்கு எடுப்பது 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். ஆனால் எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை. வெளியே விலை விசாரித்துவிட்டு வந்தேன் என்று சொன்னாலே டீலரின் பிரீமியம் இறங்குவதைப் பார்க்கலாம். கையாளும் கட்டணம், அத்தியாவசிய கிட் போன்ற வரிகள், எதற்கு என்று கேட்டால் பல இடங்களில் மறைந்துவிடும்.

கேட்க வேண்டிய இன்னும் இரண்டு: முன்பதிவை ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம், எத்தனை நாளில் பணம் திரும்பும்? ஒதுக்கப்பட்ட கார் எந்த மாதம் தயாரானது? டிசம்பரில் தாராளமாகத் தள்ளுபடி தரப்படும் கார், ஜனவரி பிறந்ததும் போன வருடத்துக் கார். நாளை மறுவிற்பனையில் அந்த ஒரு வருடம் விலையைக் குறைக்கும்.

கடைசிச் சோதனையை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். பதிவு செய்வதற்கு முன்பே ஸ்டாக்யார்டுக்குப் போய், பகல் வெளிச்சத்தில், ஒதுக்கப்பட்ட காரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சேஸிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், கண்ணாடிகளில் உள்ள தேதி, டயர், மறுபடி பெயின்ட் அடித்த சுவடு என்று ஒவ்வொன்றாக. பதிவுக்கு முன் குறை கண்டால் அது டீலரின் கார், வேறு கார் கேட்கலாம். பதிவு முடிந்தபின் அது உங்கள் கார், பழுதுதான் பார்க்க முடியும். மாலையும் மஞ்சளும் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போது எந்தக் கீறலும் கண்ணுக்குத் தெரியாது.