தோட்டைக் கழற்றிக் கொடுத்த கேப்டன்

பூதலூர் வழியாக ஓடும் ரயிலில் ஏறி, நாகப்பட்டினத்தில் கப்பல் பிடித்து மலாயாவுக்குப் பிழைக்கப் போன டெல்டாக் குடும்பங்கள் ஏராளம். அந்த மலாயாவில், வசதியான தமிழ்க் குடும்பத்தில் 1925-ல் பிறந்தவர் ஜானகி தேவர். 1943-ல் கோலாலம்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பேசியதைக் கேட்டதும், இந்திய விடுதலைப் போருக்காகக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அப்பாவின் தயக்கத்தையும் மீறி நேதாஜியின் ராணுவத்தில் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து கேப்டனானார். 1945-ல் ரங்கூனிலிருந்து படை பின்வாங்கியது. விமானக் குண்டுவீச்சுக்கு இடையே பகலில் பதுங்கி, இரவில் தோழியரோடு நடந்தார். என்ன நெஞ்சுரம்! போருக்குப் பிறகு மலாயா இந்தியக் காங்கிரசின் தொடக்க காலத்திலிருந்தே உழைத்து, மலேசிய நாடாளுமன்ற மேலவை உறுப்பினரானார். 2000-ல் இந்தியா பத்மஸ்ரீ வழங்கியது. உங்கள் வீட்டிலும் மலாயா போய்வந்த பெரியவர்கள் இருந்தால், அவர்கள் கதையை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.