சாயம் ஏறாத இடம்

கரைமேல் கைத்தொழில் – 9

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து வங்காளத்துக்குக் கப்பலேறிய சங்கைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் அதே கரை மணலிலிருந்து தோண்டி எடுத்த இன்னொரு சரக்கு.

1658-ல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தபோது அவர்கள் கண் முத்தில் மட்டும் இருக்கவில்லை. முத்துக்குளிக்கும் சலாபத்தை நம்ப முடியாது. ஒரு பருவம் அள்ளிக் கொடுக்கும், அப்புறம் பல வருடம் கடலடிப் பாரில் சிப்பியே இருக்காது. துணி அப்படி இல்லை. உள்நாட்டுத் தறிகளில் நெய்த பருத்தித் துணிக்கு ஐரோப்பாவிலும் கீழைத் தீவுகளிலும் எப்போதும் ஆள் இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து போன துணிகளின் சிவப்புக்குப் பெரும்பாலும் சாயவேர்தான் மூலம். நாட்டுமருந்துக் கடையில் இம்பூரல் என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்களே, அதே செடி.

செடி சின்னது. வேர் அதைவிட மெலிசு, சணல் இழை மாதிரி இருக்கும். வேரின் தோலில் இருப்பது அலிசரின் என்ற சாயப்பொருள். வெறும் பருத்தியில் அது நிற்காது. துணியைக் கடுக்காய் நீரில் நனைத்துக் காயவைத்து, படிகாரத்தில் முக்கி, அதற்குப் பிறகு வேர் போட்ட தண்ணீரில் இறக்கி மெல்லச் சூடேற்ற வேண்டும். படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடு சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தால்தான் நல்ல சிவப்பு கிடைக்கும். கிளிஞ்சல் பொடிந்து கலந்த கடலோர மணலில் வளர்ந்த வேருக்கு மவுசு இருந்ததற்கு இதுதான் காரணம். முத்துக்கும் இந்தச் சிவப்புக்கும் அடியில் இருப்பது ஒரே கால்சியம் என்பதைப் பள்ளிக்கூட வேதியியல் வாத்தியார் யாராவது பிள்ளைகளிடம் சொன்னால் நன்றாக இருக்கும். 1868-ல் கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அலிசரினைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். அந்தச் சரக்கு டப்பாவில் அடைத்து மலிவாக வந்து இறங்கியதும் வேர் தோண்டும் தொழில் படுத்துவிட்டது.

சாயத்தை ஏற்றுவது ஒரு வித்தை என்றால், வேண்டாத இடத்தில் ஏறவிடாமல் தடுப்பது அதைவிடப் பெரிய வித்தை. நமக்கு அதில் பழக்கமான பெயர் மதுரைச் சுங்குடி. நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிரர்கள் வளர்த்த தொழில். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கியது. துணியை மடித்து, நகத்தால் ஒரு துளி இடத்தைக் கிள்ளித் தூக்கி, அடியில் நூலை இறுக்கச் சுற்றுவார்கள். நூலை அறுக்காமல் அடுத்த கிள்ளலுக்குப் போவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். சாயத்தில் முக்கிக் காயவைத்த துணியை இரு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்சுகள் பொலபொலவென்று அவிழும். கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. கட்டுகிறவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்கள். அவர்களுக்குக் கிடைக்கும் கூலிக்கு அடுத்த தலைமுறை உட்காராது, உட்கார வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. இன்று கடைகளில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சு அல்லது ஸ்கிரீன் பிரிண்ட். திருப்பிப் பாருங்கள்: முடிச்சுப் புள்ளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும், புள்ளிக்குப் புள்ளி கொஞ்சம் கோணலாகவும் இருக்கும்.

ஜப்பானில் இதே குடும்பத்து வேலைக்கு ஷிபோரி என்று பெயர். நகோயாவுக்குப் பக்கத்தில் 1608-ல் உருவான அரிமாட்சு என்ற ஊர், நெடுஞ்சாலையில் போகிற வழிப்போக்கர்களுக்குச் சாயமிட்ட கைத்துண்டு விற்றே பெயர் வாங்கியது. அங்கே முடிச்சு மட்டுமல்ல, தையலும் உண்டு. வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போட்டு, நூலைச் சுருக்கி இழுத்து, துணியைக் கொசுவமாக்கிச் சாயத்தில் போடுவார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் நெசவு கற்றுக்கொடுத்த காதரின் எல்லிஸ் என்ற பெண்மணி இந்தத் தையலை ஊசியிலிருந்து தறிக்குக் கொண்டுபோனார். 2005-ல் அதற்கென்று ஒரு புத்தகமே எழுதினார்.

செய்முறை இதுதான். குறுக்கே ஓடும் சாதாரண ஊடையை நாலைந்து தடவை ஓட்டியபின், நீளவாட்டில் இருக்கும் சில பாவு இழைகளுக்கு மேலும் சிலவற்றுக்குக் கீழுமாக ஒரு முரட்டு நூலைத் தனி நாடாவில் விட வேண்டும். திரும்ப ஊடை, திரும்ப முரட்டு நூல். துண்டு முடிந்து தறியிலிருந்து இறக்கியதும் அந்த நூல்களை இழுத்தால் துணி முழுவதும் சுருங்கி ஒரு சாண் கட்டையாகிவிடும். நூல் முனைகளை இரண்டிரண்டாக முடிந்து, நனைத்து, சாயத்தில் விட வேண்டும். காய்ந்தபின் முரட்டு நூல்களை உருவி எறிந்துவிடலாம். மடிப்பின் வெளியே நிறம், உள்ளே துணியின் பழைய வெள்ளை. நடுவே இரண்டும் கசிந்து கலந்த விளிம்பு. எந்த இழைக்கு மேல், எந்த இழைக்குக் கீழ் என்ற கணக்கை, பாவைத் தூக்கும் விழுதில் கட்டிவிட்டால் வடிவம் தானாக விழும்.

முரட்டு நூலாகச் சிலர் தூண்டில் நரம்பையே போடுகிறார்கள். தூத்துக்குடியில் அதற்குப் பஞ்சமா? சாயம் குடிக்காது, லேசில் அறாது. ஆனால் வழுக்கும், சாதாரண முடிச்சு நிற்காது. நரம்பில் நிற்கிற முடிச்சைக் கடலுக்குப் போகிறவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சுங்குடிக்கு இது மாற்று என்று நான் சொல்லமாட்டேன். புள்ளி இதில் வராது. வருவது கோடும் அலையும் கட்டமும்தான். ஆனால் முடிச்சுக் கட்டும் கையின் வேலையைத் தறியே பார்த்துக்கொள்வதால், வீரவநல்லூர் மாதிரி இன்னும் தறிச் சத்தம் கேட்கும் ஊர்களில் தோள் துண்டும் ஸ்கார்ஃபும் நெய்கிறவர்களுக்கு இது கைக்கு எட்டுகிற வேலை. வெறும் இரண்டு மிதித் தறியில் விழுது கூட்ட வேண்டியிருக்கும்; சின்ன அளவில் என்றால் ஒரு பட்டைக் குச்சியால் பாவைத் தூக்கிக்கூட நூலை விடலாம்.

சாயம் எது என்பதில் கவனம் வேண்டும். அவுரி முக்கி எடுக்கிற சாயம், நொடியில் வேலை முடியும், மடிப்புக்குள் அதிகம் நுழையாது. வேர்ச் சாயம் நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் கசிந்துவிடும். ஆகவே இரட்டை இறுக்கம் வேண்டும். சாயவேரைக் காட்டிலிருந்து தோண்டி எடுத்துவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வேரை எடுத்தால் செடி போச்சு. மணலில் விதைத்து இரண்டு வருடம் காத்திருந்தால்தான் வேரில் நிறம் திரளும். அதுவரை மஞ்சிட்டியை வைத்துக் கை பழகலாம். சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாயும், அவ்வளவுதான்.

(அடுத்த வாரம்: உப்பளம்)