மண்ணில்லா நாற்றங்கால்

திருப்பதியிலிருந்து புத்தூர், நாராயணவனம் வழியாக ஊத்துக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் பிச்சாட்டூர் என்னும் ஊர் இருக்கிறது. ஆரணியாற்றின் அணை அவ்வூரை ஒட்டியே அமைந்துள்ளது. சென்னை, ஆந்திர மாநிலங்களின் எல்லை 1960ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்ட வட்டாரம் அது. இன்று ஆந்திரப் பிரதேசத்துத் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே வரப்பில் பேசப்படுகின்றன. நாம் நாற்று என்பதைத் தெலுங்கர் நாரு என்பர். நாற்றங்காலை நாருமடி என்பர். சொல் சற்று வேறுபடினும் செய்கை ஒன்றே.

அச்செய்கையின் முதற்பகுதியை நேயர்களுள் பலர் இளமையில் கண்டிருப்பீர்கள். விதை நெல்லை ஒரு நாள் முழுதும் நீரில் ஊற வைப்பார்கள். பிறகு நீரை வடித்துக் கோணிப்பையில் கட்டி, மேலே வைக்கோலைப் போட்டு மூடி, இன்னொரு நாள் வைத்திருப்பார்கள். இடையிடையே நீர் தெளிப்பதுண்டு. மூட்டைக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். மறுநாள் அவிழ்த்துப் பார்த்தால் ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அதன் பிறகுதான் சேற்றில் விதைப்பு. அந்த இரண்டு நாளும் விதை மண்ணைத் தொடவேயில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். ஏனெனில், இன்று நாம் பேசப்போகும் பொருள் அதிலேயே அடங்கியிருக்கிறது.

டெல்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அடுக்குமாடிகளில் வாழும் நம்மவர்க்கு மண் அரிது. மாடத்தில் இரண்டு முழ இடம் வாய்த்தால் அதுவே பெரிது. எனவே மண்ணில்லா வேளாண்மை என்னும் முறையில் பலர்க்கும் ஆவல் பிறந்திருக்கிறது. பயிருக்கு வேண்டிய உப்புகளை நீரிற் கரைத்து, அக்கரைசலில் வேரை வைத்து வளர்ப்பதே இம்முறை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கெரிக்கி 1937ஆம் ஆண்டில் இதற்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரை வழங்கினார். கிரேக்கச் சொற்களின்படி பெயர்த்தால் 'நீர் உழைப்பு' என்றாகும். பெயர்ப்பு பிழையன்று, ஆயினும் உழைப்பது நீரா, நாமா என்ற ஐயம் எழுமாதலால், தமிழில் மண்ணில்லா வேளாண்மை என்பதே நிலைபெற்றுவிட்டது.

இதற்கான பொருள்களை வாங்கச் செல்வோரிடம் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது நாற்றுக் கட்டிகளை. ஒரு விதைக்கு ஒன்றென அமைந்த சிறு கட்டிகள் இவை. சில, பசால்ட் போன்ற பாறையை 1,500 பாகை செல்சியசுக்கு மேல் உருக்கி நூலாக இழுத்துச் செய்யும் பாறைப் பஞ்சினால் ஆனவை. டென்மார்க்கில் 1969ஆம் ஆண்டு முதல் தோட்டப் பயிர்களுக்கு இப்பஞ்சு பயன்பட்டு வருகிறது. வேறு சில, சதுப்பு நிலங்களில் வெட்டியெடுக்கும் 'பீட்' என்னும் மட்கிய பொருளால் ஆனவை. நம் நாட்டு நாற்றுப் பண்ணைகள் குழித்தட்டுகளில் தென்னைநார்க் கழிவை நிரப்பி விதைக்கின்றன. தக்காளிக்குப் பேர்போன மதனப்பள்ளிப் பக்கத்திலும் இம்முறை பரவியிருக்கிறது. இவை யாவும் நல்லவையே. ஆனால் இக்கட்டிகள் இல்லாவிடில் நாற்று விட முடியாதென்று எண்ணி முயற்சியையே கைவிடுவோர் உளர். அவ்வெண்ணம் சரியன்று என்பதே நாம் சொல்ல வந்தது.

விதை தன் குஞ்சுக்குக் கட்டுச்சோற்றைத் தானே கட்டிக்கொண்டு வருகிறது. நெல்லில் நாம் உண்ணும் அரிசி அந்தக் கட்டுச்சோறுதான். அவரையில் அது பருத்த வித்திலைகளில் இருக்கிறது. முதல் உண்மை இலை விரியும் வரையில் நாற்று பெரும்பாலும் அச்சேமிப்பைக் கொண்டே வாழும். ஆகவே அந்நாட்களில் அது கேட்பது உரமன்று; ஈரம், காற்று, தகுந்த வெப்பம், வேர் பற்றிக்கொள்ள ஒரு பிடிமானம் ஆகியவைதாம். கட்டி தருவதும் இவற்றுள் ஈரம், காற்று, பிடிமானம் என்னும் மூன்றையே. இம்மூன்றையும் தரும் தூய பொருள் எதுவாயினும் போதும்.

இதற்குச் சான்று நெல்லிலேயே உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டு உழவர்கள் 'டாபோக்' என்று ஒரு நாற்றங்கால் இடுவர். சமன் செய்த மேட்டின்மீது வாழையிலையைப் பரப்பி, அதன்மேல் முளைகட்டிய நெல்லை அடர்த்தியாகத் தூவுவர், மண் போடுவதில்லை. முதற் சில நாட்களுக்குக் காலையும் மாலையும் நீர் தெளித்து, கையாலோ பலகையாலோ மெல்ல அழுத்தி விடுவர். முளைகள் ஒன்றையொன்று தூக்கிவிடாமல் வேர்கள் ஈரத்தோடு ஒட்டியிருப்பதற்காகவே இந்த அழுத்தம். வேர்கள் பின்னிக்கொண்டு பாய்போல் ஆகிவிடும். அப்பாயைச் சுருட்டித் தோளில் வைத்து வயலுக்குக் கொண்டு போகலாம். 1960களில் குட்டை நெல் வகைகள் வந்தபோது நம் நாட்டிலும் இம்முறை பரப்பப்பட்டது. ஆனால் இதற்கு ஒரு கண்டிப்பு உண்டு: இரண்டு வாரத்துக்குள் நட்டுவிட வேண்டும். கட்டுச்சோறு தீர்ந்துவிட்டால் நாற்று மஞ்சளித்து வாடும். வீட்டு மாடத்தில் தக்காளி நாற்று விடுவோர்க்கும் இக்கண்டிப்பு பொருந்தும்.

கெரிக்கி தம் தொட்டிகளின்மேல் கம்பிவலை விரித்து, அதில் வைக்கோல், மரச்சீவல் முதலியவற்றைப் பரப்பிச் செடிகளை நிறுத்தினார். வேர்கள் வலையினூடே கீழிறங்கிக் கரைசலைத் தொட்டன. நம் நாட்டில் இம்முறையை எளியோர்க்கு உரியதாக்க முயன்றவர் ஷோல்டோ டக்ளஸ் என்பவர். 1946ஆம் ஆண்டில் வங்காளத்துக் காலிம்பொங் பகுதியில் அவர் ஆய்வைத் தொடங்கினார். மின்விசைக் குழாயும் விலையுயர்ந்த கருவியும் இன்றி, சிறு கல்லும் மணலும் கலந்த படுக்கையில் உப்புக் கலவையைத் தூவி நீர் ஊற்றியே பயிர் வளர்த்தார். 1951இல் வெளிவந்த அவருடைய நூலால் இது 'வங்காள முறை' என்று உலகெங்கும் அறியப்பட்டது. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தை அண்மையிற் கண்ட மாநிலம் அது என்பதை எண்ணும்போது, சிக்கனத்தை அவர் ஏன் முதன்மையாகக் கொண்டார் என்பது விளங்கும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். எல்லாவற்றினும் எளியது மணல். கட்டடத்துக்குச் சலிக்கும் பருமணலை நீர் தெளியும்வரை கழுவி, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, அடியில் துளையிட்ட டப்பாவில் இரண்டு அங்குல உயரம் நிரப்பலாம். விதையை அதன் பருமனைப்போல் இரு மடங்கு ஆழத்தில் ஊன்றி, ஈரம் காயாமல் காத்துவந்தால் போதும். மணலின் சிறப்பு, வேரை விட்டு எளிதில் நீங்குவது. டப்பாவோடு நீரில் அமிழ்த்தி மெல்ல அசைத்தால் நாற்று வேர் அறாமல் வந்துவிடும். கடற்கரை மணல் மட்டும் ஆகாது. அதில் உப்பு உண்டு.

மணலினும் நாம் விரும்புவது உமிக்கரி. முன்னாளில் பல் துலக்க வைத்திருந்த அதே பொருள்தான். எடை குறைவு, ஈரத்தையும் தாங்கும், காற்றுக்கும் இடம் விடும். எரித்த வெப்பத்தால் நோய்க் கிருமிகளும் இரா. உமி கரியாக வேண்டுமேயன்றிச் சாம்பலாகிவிடக் கூடாது. சாம்பலின் காரம் நாற்றுக்கு ஆகாது. கரியையும் இரண்டு மூன்று முறை கழுவியே பயன்படுத்தல் நலம். தென்னைநார்த் தூள் கிடைப்பின் அதுவும் நன்றே; அதிலுள்ள உப்பு நீங்க நன்றாக அலசவேண்டும்.

பருத்தித் துணியில் முளைகட்டும் வழியும் உண்டு. பயறு முளைகட்டத் தெரிந்த எந்த இல்லத்தரசிக்கும் இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. நனைத்துப் பிழிந்த துணியில் விதைகளைப் பரப்பி மடித்து, மூடிய பாத்திரத்தில் வைக்கவேண்டும். வெந்தயம் இரண்டு மூன்று நாளிலும், தக்காளி ஏறத்தாழ ஒரு வாரத்திலும் முளைக்கும். மிளகாய் இன்னும் சில நாள் கேட்கும். கொத்தமல்லியைக் கையால் தேய்த்து இரண்டாகப் பிளந்துகொள்ள வேண்டும். நாம் விதை என்பது உண்மையில் இரு விதைகள் கொண்ட காய். முளைவேர் அரை அங்குலம் நீளுமுன் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் வேர் துணியின் இழைக்குள் புகுந்துகொள்ளும், பிரித்தெடுக்கையில் அறுந்துபோகும். முளைத்ததை, அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட சிறு கிண்ணத்தில், கடலையளவு உடைத்த ஓட்டுச் சில்லுகளுக்கு இடையே வேர் கீழ்நோக்க வைத்துவிடலாம்.

இக்கிண்ணத்தைக் கரைசல் தொட்டியின் மூடியில் பொருத்தும் வேளைதான் மிகுந்த கவனத்துக்கு உரியது. இதை நாம் பட்டு அறிந்தோம். முதன்முறை, பன்னிரண்டு தக்காளி நாற்றுகளை ஆசையோடு வளர்த்து, தண்டு வரையில் நீரில் நிற்கும்படி தொட்டியில் இறக்கினோம். நாற்று நீரில் நிற்பதைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அது இயல்பாகவே பட்டது. நான்காம் நாள் அடித்தண்டு பழுப்பேறி, பன்னிரண்டும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நெல்லைப் பார்த்துத் தக்காளியை நடத்தியது நம் பிழை. நெல்லின் உடலுக்குள் இலையிலிருந்து வேர்வரை காற்றறைகள் உண்டு. சேற்றிலும் அது மூச்சுவிடும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் அவ்வசதி இல்லை. 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் கரைந்து நிற்கக்கூடிய உயிர்வளி ஏறத்தாழ 9 மில்லிகிராம். அதே அளவு காற்றில் அதைப்போல் சுமார் 30 மடங்கு உண்டு. நீர் சூடேறினால் அந்த ஒன்பதும் குறையும். ஆகவே வெயிற்காலத்தில் தொட்டி நிழலில் இருத்தல் வேண்டும்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்துப் பெர்னார்டு கிராட்கி என்பவர் குழாயும் மின்விசையும் இல்லாத தொட்டி முறையை வகுத்தபோது இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டார். தொடக்கத்தில் கரைசல் கிண்ணத்தின் அடியை மட்டும் தொட்டு நிற்கும். செடி பருகப் பருக மட்டம் தாழும். இடையில் ஈரக் காற்று நிறைந்த வெளி உண்டாகும். அவ்வெளியிலுள்ள வேர்கள் காற்றையும், கீழுள்ளவை நீரையும் உப்பையும் கொள்ளும். மட்டம் தாழ்ந்ததென்று பதறி மீண்டும் விளிம்புவரை நிரப்பிவிடுதல் கூடாது. காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கி மடியும். இரண்டாம் முறை நாம் இவ்வாறு செய்தபோது, பன்னிரண்டில் பத்து நாற்றுகள் பிழைத்தன.

நாற்றை எடுக்கும்போது தண்டைப் பற்றாமல் இலையைப் பற்ற வேண்டும். ஓர் இலை கிழிந்தால் வேறொன்று வரும். தண்டு நசுங்கினால் மீட்சியில்லை. முதல் வாரத்தில் கரைசலைச் சொன்ன அளவில் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரையில் கலந்தால் போதும். தொட்டிக்குள் ஒளி புகாவண்ணம் மூடவேண்டும். புகுந்தால் பாசி பிடிக்கும். நாற்றுக்கோ ஒளி வேண்டும். முளைத்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவராவிடில், முளைப்பாரிபோல் வெளிறி நீண்டு வளரும். முளைப்பாரிக்கு அது அழகு. இருட்டறையில் வைப்பதே அதற்காகத்தான். தக்காளிக்கு அது நலிவு.

டெல்லியில் சனவரி மாதத்தில் மிளகாய் விதை முளைக்கவில்லையென்று விதையைப் பழிப்பதில் பயனில்லை. குளிரில் அது உறங்குகிறது. துணிப் பொட்டலத்தைக் குளிர்பதனப் பெட்டியின் வெளிப்புற மேற்பரப்பில், வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் விழிக்கும். அக்காலத்துக்கு ஏற்றவை வெந்தயக் கீரையும் கொத்தமல்லியும். நம் ஊர்த் தண்டுக்கீரை வெப்பத்தை நாடுவது; பங்குனிக்குமேல் விதைப்பது நன்று.

விதையே வேண்டாதவையும் சில உள. சந்தையில் வாங்கிய புதினாவில் நான்கு தண்டுகளை இலை கிள்ளி நீரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேர் விடும். இங்கிலாந்தில் ஜான் வுட்வர்டு என்பவர் 1699ஆம் ஆண்டில் வெளியிட்ட நீர்வளர்ப்பு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் புதினா இனத்துச் செடியே. பொன்னாங்கண்ணியும் பசலையும் இவ்வாறே வேரூன்றும். முதன்முறை முயல்வோர் இவற்றில் தொடங்குவது நல்லது.

ஊரிலிருந்து வருவோர் தாளில் மடித்துக் கொண்டுவரும் விதைகளை உடனே ஊன்றிவிட வேண்டாம். அவ்விதை எந்த ஆண்டினதென்று கொடுத்தவருக்கே தெரியாதிருக்கலாம். பத்து விதைகளை ஈரத்துணியில் வைத்து எண்ணிப் பாருங்கள். இந்திய விதைச் சான்றுத் தரம் தக்காளிக்கும் கத்தரிக்கும் நூற்றுக்கு 70, மிளகாய்க்கு 60 முளைக்க வேண்டும் என்கிறது. பத்தில் ஏழு முளைத்தால் துணிந்து விதைக்கலாம். மூன்றே முளைத்தால் விதையை எறிந்துவிடாமல், மும்மடங்கு தூவுங்கள். அவற்றுள் தேறும் ஒரு செடியின் பழத்திலிருந்து அடுத்த ஆண்டுக்கான விதையை எடுத்துக்கொள்ளலாம்.