ஆத்தி எங்கே?

நாம் வசிப்பது திருச்சிராப்பள்ளித் தில்லை நகரில். தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்து உப்பங்கழிகளில் வளர்வது. அதை நம் தெருவில் தேடுவது நியாயமன்று. ஆனால், பக்கத்திலுள்ள உறையூரின் மரத்தையாவது அறிய வேண்டாமா? முற்காலச் சோழர்களின் தலைநகர் அது. அவர்கள் சூடிய மாலையோ ஆத்தி. ஒளவையின் ஆத்திசூடியை நம் குழந்தைகள் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். "ஆத்தியைக் கண்டதுண்டா?" என்றால் வகுப்பு முழுதும் மௌனம் சாதிக்கிறது. கேட்கும் உபாத்தியாயரின் நிலையும் நெடுநாள் அதுவாகவே இருந்தது!

இந்த வெட்கம் தீரச் சென்ற பங்குனியில் ஒரு விடுமுறை நாள், வெயில் ஏறுமுன், மாணாக்கர் சிலருடன் நகரத்துக் கல்லூரி ஒன்றின் தோட்டத்துக்குச் சென்றோம்.

பனி உருகி வருவது மேனாட்டு வசந்தம். நம் வசந்தம் வெயிலோடு வருவது. புங்க மரம் பழைய இலைகளை உதிர்த்துப் பளபளக்கும் தளிர் விட்டிருந்தது. அதன் அடியில் பொரி இறைத்தாற்போல் பூக்கள். வேம்பு, வருஷப் பிறப்புப் பச்சடிக்கு ஆயத்தமாகப் பூத்திருந்தது. கலியாண முருங்கை இலையின்றிச் செம்பூக்களுடன் நின்றது.

"இலை இல்லாமல் ஏன் ஐயா பூக்கிறது?" என்றான் ஒரு சிறுவன்.

இலை மறைக்காத பூ, காக்கைக்கும் மைனாவுக்கும் தூரத்திலேயே தெரியும். தேன் குடிக்க வரும் அவை மகரந்தத்தைச் சுமந்து செல்லும் என்று விளக்கினோம்.

பையன்கள் பெயர் சொல்லக்கூடியவை இரண்டே மரங்கள்: மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மயிற்கொன்றை, அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி. நிழல் தரும் விருந்தாளிகளை வெறுப்பானேன்? வீட்டுக்காரனை மறந்ததுதான் குறை.

அந்த வீட்டுக்காரன் வாகனக் கொட்டகையின் ஓரத்தில் கோணலாக நின்றுகொண்டிருந்தான். மாட்டுக் குளம்புபோல் நுனி பிளந்த சிற்றிலை, வெளிறிய மஞ்சள் பூங்கொத்து, மந்தாரைக்கு உறவு. தூய வளனார் கல்லூரியில் மாத்யூ பாதிரியார் 1967-இல் நிறுவிய ராபினாட் தாவரக் காப்பகத்தில், உலர்த்தி ஒட்டிய ஆத்திக் கிளையை முன்பு பார்த்திருந்தோம். அதனால் அடையாளம் தெரிந்தது. அடிமரத்தில் சுண்ணாம்புக் குறி ஒன்றும் இருந்தது.

"கொட்டகையை நீட்டப் போகிறார்கள். காட்டு மரந்தானே, சார்!" என்றார் தோட்டக்காரர்.

சோழர் மாலையின் கதையைச் சொன்னோம். அவர் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். "முன்னமே தெரிந்திருந்தால் பெரியவர்களிடம் சொல்லியிருப்பேனே!" என்றார். நாமும் மனு எழுதிக் கொடுத்தோம். மறுவாரம் சென்றபோது அடிக்கட்டைதான் மிச்சம்.

மரத்தை வெட்டியது கோடரி மட்டுமன்று, நம் அறியாமையுங்கூட. பெயர் தெரியாத மரத்துக்காகப் பரிந்து பேச யார் வருவார்கள்?

நல்லவேளை! முதல் நாளே பையன்கள் மரத்தடியில் கிடந்த காய்ந்த நெற்றுகளைச் சட்டைப்பையில் நிரப்பி வந்திருந்தார்கள். விதைகளை வெந்நீரில் ஊறவைத்துப் பள்ளிக்கூடத்துத் தொட்டியில் இட்டோம். மூன்று முளைத்தன. இப்பொழுது ஒவ்வொன்றும் குளம்பு வடிவ இலை விட்டிருக்கிறது. மழை தொடங்கியதும் நிலத்தில் நட்டு, பெயர்ப் பலகையும் வைக்க உத்தேசம்.

அன்பர்களே, அடுத்த முறை உங்கள் குழந்தை ஆத்திசூடி ஒப்பிக்கும்போது, நூலின் பெயரிலுள்ள அந்தப் பூவையும் காட்டிக் கொடுங்கள். அருகில் மரம் இல்லையென்றால் ஒன்று நடுங்கள்.