குளித்தலையிலிருந்து மான்செஸ்டர் வரை: டாக்டர் சேஷாத்ரி படித்த கதை

பொன்முடி:
திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பொன்முடிக்குக் கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். வளைவில் பஸ் திணறும்போது ஜன்னல் வழியே பார்த்தால், மரப்பட்டையிலும் பாறையிலும் காய்ந்த தோல் போலச் சாம்பல் நிறத்தில் ஒன்று ஒட்டியிருப்பது தெரியும். லைக்கன் என்று அதற்குப் பெயர். குருமாவுக்கு மணம் சேர்க்க நம் வீட்டில் வாங்கும் கல்பாசியும் இந்த இனம்தான்.

இதற்குள் என்னென்ன இரசாயனப் பொருள்கள் அடங்கியிருக்கின்றன என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம் தமிழர், டாக்டர் டி. ஆர். சேஷாத்ரி. பூக்களின் நிறத்துக்கும் தேயிலையின் துவர்ப்புக்கும் காரணமான பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். அந்த ஆராய்ச்சியெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாதச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நமக்கு, அவர் எப்படிப் படித்தார் என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது.

ஈரோடு - திருச்சி ரயில் பாதையில் காவிரிக்கரை ஊர் குளித்தலை. அங்கே 1900-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி சேஷாத்ரி பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் கால வாத்தியார் சம்பளம் எவ்வளவு இருந்திருக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிப் படிப்பு ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலுமாக நடந்தது.

1917-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் இரசாயன ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தார். இடம் கிடைத்துவிட்டது, பணம்? கைகொடுத்தது இராமகிருஷ்ண மிஷன். அந்த உதவியில்தான் படிப்பு முடிந்தது. நம்மில் எத்தனையோ பேர் பள்ளி இறுதியோடு நின்றுவிட்டோம். புத்தி போதாமல் அல்ல, பட்டணத்தில் தங்கிச் சாப்பிட வழியில்லாமல் என்பது நமக்கே தெரியும்.

பட்டம் வாங்கிய கையோடு சர்க்கார் உத்தியோகத்துக்கு ஓடவில்லை சேஷாத்ரி. தம்மைப் படிக்க வைத்த மிஷனிலேயே ஓராண்டு பணி செய்தார். பிறகு அதே கல்லூரிக்குத் திரும்பி, பேராசிரியர் பிமன் பிஹாரி டே என்ற வங்காளியிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். சென்னை சர்க்காரின் உபகாரச் சம்பளம் கிடைத்து இங்கிலாந்து சென்றது 1927-ல்தான். அப்போது வயது 27. அந்த வயதில் கிளார்க் வேலையில் அமர்ந்து, கல்யாணமும் ஆகி, ஊருக்கு மணியார்டர் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்!

மான்செஸ்டர் பல்கலைக் கழகத்தில் அவருக்குக் குருவாக வாய்த்தவர் ராபர்ட் ராபின்சன். பின்னாளில், 1947-ல், நோபல் பரிசு பெற்ற அதே ராபின்சன்தான். மலேரியா மருந்துகளைப் பற்றியும் பூக்களின் சிவப்பு, நீல நிறப் பொருள்களைப் பற்றியும் அங்கே ஆராய்ந்து, 1929-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்ததும் கப்பல் ஏறவில்லை. ஆஸ்திரியாவில் கிராஸ் நகருக்குப் போய் ஃபிரிட்ஸ் பிரெகல் என்பவரிடம் தொழில் கற்றார். என்ன தொழில்? ஒரு பொருளில் கரி எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று அறிய முன்பெல்லாம் ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டியிருந்தது. பிரெகல் அதை மூன்று, நான்கு மில்லிகிராமில் செய்ய வழி கண்டு, 1923-லேயே நோபல் பரிசு வாங்கியிருந்தார். கூடை கூடையாகப் பூவைக் காய்ச்சி வடித்தாலும் கடைசியில் சிட்டிகையளவு பொருள்தான் மிஞ்சும். பூக்களையும் செடிகொடிகளையும் ஆராய வேண்டியவருக்கு இந்தக் கைவேலை எவ்வளவு உதவியிருக்கும்! எடின்பரோவிலும் சில காலம் பார்ஜர் என்ற பேராசிரியரிடம் பயின்றார்.

1930-ல் நாடு திரும்பியவருக்கு உடனே பெரிய பதவி எதுவும் காத்திருக்கவில்லை. கோவை விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். 1933-ல் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக் கழகம் அழைத்தது. தமிழ்நாட்டை விட்டு வெளியே போனார். கடைசிவரை வெளி மாநிலங்களில்தான் இருந்தார். பருத்திப் பூவின் மஞ்சள் நிறத்தையும், மாமரத்தில் படரும் லைக்கனையும் ஆராய்ந்தது வால்டேர் காலத்தில். 1949-ல் டில்லிப் பல்கலைக் கழகத்துக்கு மாறினார். 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1963-ல் பத்மபூஷண் விருது. 1975 செப்டம்பர் 27-ந் தேதி காலமானார். அவரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றவர்கள் சுமார் 160 பேர்.

ஏழை மாணவர்களுக்காக 1905-ல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் மயிலாப்பூரில் இன்றும் நடைபெறுகிறது. ஏழைப் பையன்களுக்கும் தாய் தகப்பனை இழந்தவர்களுக்கும் அங்கே தங்குமிடமும் சாப்பாடும் இலவசம்.